நிலைமொழியும் வருமொழியும்



தமிழ் வகுப்பில் புணர்ச்சி விதிகளைப் படித்திருப்பீர்கள். ‘மரம்’ என்பது ஒரு சொல். ‘வேர்’ என்பது மற்றொரு சொல். இரண்டும் சேர்ந்தால் ‘மரவேர்’ என்றாகிறது. முன்னே நிற்பது நிலைமொழி. பின்னே வந்து சேர்வது வருமொழி. இந்தச் சேர்க்கையிலே ஒரு நுட்பம் உண்டு. மரத்தைப் பற்றி நமக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. வேரைப் பற்றியும் அப்படியே. நிலைமொழியின் கடைசி எழுத்து எது, வருமொழியின் முதல் எழுத்து எது, இரண்டுக்கும் இடையே உள்ள உறவு யாது என்பவை தெரிந்தால் போதும். சேருமிடத்தை அறிந்தவன் சேர்த்துவிடுகிறான்.

இந்தப் பழைய பாடத்தை அண்மையில் நான் ஒரு விளையாட்டுக் கருவியின் முன்னே அமர்ந்து மறுபடியும் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னையிலிருந்து பெங்களூருச் சாலையில் மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என ஊர்கள் வரிசையாக வரும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயிலுக்குப் போகும் சாலையில் திரும்பினால் வல்லம் வடகாலும் ஒரகடமும் வரும். இராமாநுசர் பிறந்த ஊர் என்று நம் பாட்டனார் ஸ்ரீபெரும்புதூரைச் சொன்னார்கள். இன்று அந்தச் சுற்றுவட்டாரம் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் கைப்பேசியும் செய்து உலகுக்கு அனுப்புகிறது. ஷிப்டு மாறும் வேளையில் அந்தச் சாலை ஓரத்தில் நின்று பாருங்கள். பேருந்துக்குப் பின் பேருந்தாகத் தொழிற்சாலை வண்டிகள் வரும். ஒவ்வொன்றிலிருந்தும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய இளைஞர்களும் இளம்பெண்களும் இறங்குவார்கள்.

என் அக்காள் மகன் அவர்களில் ஒருவன். டிப்ளமா படித்தவன். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மூன்று நண்பர்களோடு ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறான். நான் பல ஆண்டுகள் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போயிருந்தேன். தேநீர் குடித்து முடிவதற்குள் அவன் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கருவியை எடுத்து என் மடியில் வைத்தான்.

“மாமா, ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து வைத்துப் பழையதாக வாங்கினேன். விளையாட்டு ஓடுகிறது. ஆனால் ஒட்டுப் போட்டால் மட்டும் ஒட்டமாட்டேன் என்கிறது. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றான்.

அந்தக் கருவியின் பெயர் ஸ்டீம் டெக். அமெரிக்க நாட்டு வால்வ் நிறுவனம் 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்டது. நடுவிலே ஏழு அங்குலத் திரை; இரு பக்கமும் கட்டைவிரலுக்கு எட்டும்படி பொத்தான்கள். பார்வைக்கு விளையாட்டுப் பொம்மை போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது முழுமையான ஒரு கணினி. அதை ஆளும் இயங்குதளம் விண்டோஸ் அன்று, லினக்ஸ்.

லினக்ஸ் உங்களுக்குப் புதியதாக இருக்க வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது அது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் அதைக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளம் ஒன்றை உருவாக்கியது. 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலே விண்டோசும் இருந்தது. பாஸ் லினக்சும் இருந்தது. தொடங்கும்போது எது வேண்டும் என்று கணினியே கேட்கும். நம்மில் பெரும்பாலோர் விண்டோசைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை மறந்தோம். என் மருமகனும் அப்படியே. அந்த மடிக்கணினியில், பள்ளிப் பருவத்தில், ஒரு விளையாட்டை அவன் விரும்பி ஆடியிருந்தான். மடிக்கணினி பழுதாகிவிட்டது. விளையாட்டின் மேல் ஆசை போகவில்லை. இப்போது முறையாக விலை கொடுத்து அதையே வாங்கிப் புதிய கருவியில் ஏற்றியிருந்தான்.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழும். விண்டோசுக்கென்று எழுதிய விளையாட்டு லினக்சில் எங்ஙனம் ஓடும்?

ஒரு விளையாட்டு நிரல் தன் வேலை அனைத்தையும் தானே செய்துகொள்வதில்லை. ‘இந்தக் கோப்பைத் திறந்து கொடு’, ‘இந்தப் படத்தைத் திரையில் வரை’, ‘எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று சொல்’ என்று இயங்குதளத்தை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கணக்குப் போடும் சில்லு இரண்டு இடங்களிலும் ஒரே இனம். அதன் மொழி மாறவில்லை. மாறியிருப்பது கேள்விக்கு விடை சொல்லும் ஆள்தான். விண்டோசைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளை வாங்கி, லினக்சினிடம் அதன் முறைப்படி கேட்டு, விடையை விண்டோஸ் முறைப்படி திருப்பிக் கொடுக்க ஒருவர் இருந்தால் போதும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு கொரிய நாட்டு நிறுவனம் ஒன்று கார் செய்யத் தொடங்கியது. கொரியப் பொறியாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே எந்திரத்தின் முன்னே நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருகாணி இருவருக்கும் ஒன்றே. அதை இறுக்கும் கையும் ஒன்றே. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றால் வேலை நடக்கிறது. தொழிலாளர் கொரிய மொழி கற்கும்வரை கார் காத்திருக்க வேண்டியதில்லை.

அத்தகைய மொழிபெயர்ப்பாளராக 1993ஆம் ஆண்டு பிறந்ததுதான் ‘வைன்’ என்னும் மென்பொருள். பாப் ஆம்ஸ்டட் முதலியோர் தொடங்கினர். 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் அதை நடத்தி வருகிறார். அதன் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது 2008ஆம் ஆண்டில். பதினைந்து ஆண்டுகள்! விண்டோசின் மூலநிரல் அவர்கள் கையில் இல்லை. இந்தக் கேள்விக்கு விண்டோஸ் என்ன விடை சொல்கிறது என்று வெளியிலிருந்து சோதித்துச் சோதித்து, அதே விடையைத் தாமும் சொல்லும்படி ஒவ்வொன்றாக எழுதினார்கள். அந்த வைனை அடிப்படையாகக் கொண்டு, படம் வரையும் கட்டளைகளை மொழிபெயர்க்கும் வேறு பகுதிகளையும் சேர்த்து, 2018ஆம் ஆண்டு வால்வ் நிறுவனம் ‘புரோட்டான்’ என்ற பெயரில் வெளியிட்டது. ஸ்டீம் டெக்கில் விண்டோஸ் விளையாட்டை ஓட்டுவது இதுவே.

இனி ஒட்டுக்கு வருவோம். ஆங்கிலத்தில் பேட்ச் என்பார்கள். கிழிந்த சட்டைக்குத் துணி வைத்துத் தைப்பது போல, குறையுள்ள மென்பொருளுக்கு வைத்துத் தைக்கும் சிறு நிரல் அது. செய்த நிறுவனமே சில வேளை ஒட்டு வெளியிடும். வெளியிடாத இடத்தில் விளையாடுகிறவர்களே முன்வந்து தைப்பார்கள்.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘டார்க் சோல்ஸ்’ என்ற ஜப்பானிய விளையாட்டு விண்டோசுக்கு வந்தது. உங்கள் திரை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அந்த விளையாட்டு உள்ளுக்குள்ளே 1024க்கு 720 புள்ளிகள் என்ற அளவிலேதான் படம் வரைந்தது. அது வெளியான சில மணி நேரத்துக்குள் ‘துரான்டே’ என்ற புனைபெயர் கொண்ட பீட்டர் தோமன் என்பவர் அதற்கு ஓர் ஒட்டுச் செய்து வெளியிட்டார். விளையாட்டின் மூலநிரல் அவரிடம் இல்லை. பின் என்ன செய்தார்? பொத்தான்களின் செய்தியைப் படிப்பதற்கு விண்டோசில் ‘டி இன்புட் 8’ என்று ஒரு துணைக்கோப்பு உண்டு. விளையாட்டு தொடங்கும்போது அதைக் கூப்பிடும். விண்டோஸ் அதைத் தேடும்போது முதலில் விளையாட்டின் சொந்தக் கோப்புறையிலே பார்க்கும். தோமன் அதே பெயரில் தம் கோப்பை அங்கே வைத்தார். விளையாட்டு கூப்பிட்டது, அவருடைய கோப்பு ‘வந்தேன்’ என்றது. உள்ளே நுழைந்த பிறகு, பொத்தான் வேலையை உண்மையான கோப்புக்கு அனுப்பிவிட்டு, படத்தின் அளவை மட்டும் மாற்றிக் கொடுத்தது. விளையாட்டு முழுவதையும் அவர் திறக்கவில்லை. சேருமிடத்தை அறிந்தார், அங்கே நின்றார். நிலைமொழி, வருமொழி என்று நான் சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

என் மருமகனுடைய விளையாட்டும் பழையது. அகலமான திரையில் படம் இழுபட்டுத் தெரிந்தது. எழுத்துக்கள் எறும்பு போலச் சிறுத்தன. அதைச் சரிசெய்ய ஆர்வலர் ஒருவர் ஒட்டு வெளியிட்டிருந்தார். விண்டோசில் அது ஒட்டுகிறது. இங்கே ஒட்டவில்லை. ஏன்?

நாங்கள் இருவரும் உட்கார்ந்து தேடினோம். ஒரு தவற்றைத் தேடப் போய் மூன்றைக் கண்டோம்.

முதல் தவறு, வீடு மாறியது. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே ஒரு சிறு விண்டோஸ் வீட்டைக் கட்டிக் கொடுக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ‘சி’ டிரைவ் உண்டு. மருமகன் ஒட்டின் நிறுவியைத் தனி விளையாட்டாகச் சேர்த்து ஓட்டியிருந்தான். அதற்கும் ஒரு புதிய வீடு கிடைத்தது. நிறுவி தன் வீட்டுச் ‘சி’ டிரைவிலே எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துவிட்டு, ‘வேலை முடிந்தது’ என்று சொல்லிவிட்டுப் போயிற்று. அது பொய் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் இருந்த விளையாட்டுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

நிறுவியை விட்டுவிட்டு, அந்த ஆர்வலர் சுருக்கப்பொதியாகவும் வெளியிட்டிருந்த கோப்புகளை எடுத்துக்கொண்டோம். கருவியை மேசைக்கணினி முகப்புக்கு மாற்றி, கோப்புகளை விளையாட்டின் கோப்புறைக்குள் நகலெடுத்தோம். மறுபடியும் பயன் இல்லை.

இரண்டாவது தவறு, எழுத்து மாறியது. தமிழிலே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. ஆகையால் இந்தத் துன்பம் நமக்குப் புதிது. ‘டேட்டா’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தைப் பெரிதாக எழுதினாலும் சிறிதாக எழுதினாலும் விண்டோஸ் ஒன்றாகவே கொள்ளும். லினக்சுக்கு அவை இரண்டு பெயர்கள். விளையாட்டிலே பெரிய எழுத்தில் ஒரு கோப்புறை இருந்தது. ஒட்டிலே சிறிய எழுத்தில் இருந்தது. நகலெடுத்தபோது இரண்டும் கலக்கவில்லை; பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோப்புறைகளாக நின்றன. விளையாட்டு தன் பழைய கோப்புறையையே திறந்து பார்த்தது. புதிய கோப்புகள் யாரும் தட்டாத கதவுக்குப் பின்னே காத்திருந்தன. அவற்றை எடுத்துச் சரியான கோப்புறைக்குள் வைத்தோம். எழுத்தின் அளவு திருந்தியது. படம் இன்னும் இழுபட்டே நின்றது.

மூன்றாவது தவறு, ஆள் மாறியது. இந்த ஒட்டும் தோமன் செய்தது போல, விண்டோஸ் துணைக்கோப்பின் பெயரிலே வந்து நிற்பதுதான். ஆனால் இங்கே விண்டோஸ் இல்லை, வைன் இருக்கிறது. வைனிடம் அதே பெயரில் தான் எழுதிய கோப்பு ஒன்று உண்டு. விளையாட்டு கூப்பிட்டபோது வைன் தன் ஆளையே அனுப்பியது. ஒட்டின் கோப்பு வாசலிலேயே நின்றுவிட்டது. இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விளையாட்டின் தொடக்க விருப்பங்களில் ஒரு வரி எழுத வேண்டும். அதன் பொருள் இது: ‘இந்தப் பெயரைக் கேட்டால் விளையாட்டோடு வந்த கோப்பை முதலில் எடுத்துக்கொள், அது இல்லையென்றால் உன்னுடையதை எடுத்துக்கொள்.’ அந்த ஒரு வரியை எழுதித் தொடங்கினோம். படம் திரை முழுவதும் நேராக நின்றது. மருமகன் கூவிய கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்த அறைத் தோழன் எழுந்து உட்கார்ந்தான்.

மாணவர்களே, இந்த வெற்றிக்கு முன்னே நடந்த ஒன்றையும் நான் மறைக்கக் கூடாது. இரண்டாவது முறை தோற்றபோது, அறைத் தோழன் ஒரு பென்டிரைவை நீட்டினான். “எதற்கு மாமா இவ்வளவு சிரமம்? ஒட்டுப் போட்டு, பூட்டையும் உடைத்து, முழு விளையாட்டும் தயாராக இதில் இருக்கிறது. நகலெடுத்தால் போதும்” என்றான். நல்ல மனத்தோடு சொன்னான். மருமகன் கையும் நீண்டது. நான் தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்று அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, சட்டம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கண்மூடித்தனமானது என்று எண்ணாதீர்கள். கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர், தனியே எழுதப்பட்ட வேறொரு நிரலோடு அது சேர்ந்து இயங்குவதற்கு இன்றியமையாத செய்தியை அறிய முயல்வதை, அச்செய்தி வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, 52ஆம் பிரிவு குற்றமாகக் கருதுவதில்லை. சேருமிடத்தை அறியும் உரிமைக்குச் சட்டமே இடம் விட்டிருக்கிறது. ஆனால் பிறர் உழைத்துச் செய்த விளையாட்டை முழுவதுமாக நகலெடுத்து ஊருக்கு வழங்குவதற்கு அது இடம் விடவில்லை. ஒட்டுப் போடுகிறவன் கடைக்காரனிடம் துணி வாங்கித் தைக்கிறான். பூட்டை உடைத்துக் கொடுப்பவன் கடையையே தூக்கிக்கொண்டு போகிறான்.

இரண்டாவது, பாதுகாப்பு. சேருமிடத்தில் நிற்கும் நிரல் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்க்கும். நல்லவர் எழுதினால் படத்தைத் திருத்தும். கெட்டவர் எழுதினால் கடவுச்சொல்லைத் திருடும். ‘இது லினக்ஸ், விண்டோஸ் நச்சுநிரல் இங்கே ஒன்றும் செய்யாது’ என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. வைன் மொழிபெயர்ப்பாளரே தவிரக் காவல்காரர் அல்லர். கெட்ட சொல்லையும் அவர் பிழையின்றி மொழிபெயர்ப்பார். விண்டோஸ் நிரல் வைன் வழியாக உங்கள் சொந்தக் கோப்புகளை எட்ட முடியும்.

மூன்றாவதுதான் எனக்கு முதன்மையானது. பென்டிரைவில் வந்ததை நகலெடுத்திருந்தால் விளையாட்டு கிடைத்திருக்கும். மூன்று தவறுகளும் கிடைத்திரா.

அன்று மாலை மருமகன் என்னைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டான். வழியிலே சொன்னான்: “மாமா, லைனில் நான் ஒரே பாகத்தை எடுத்து ஒரே இடத்தில் பொருத்துகிறேன். ஷிப்டு முழுதும் அதுதான். அந்தப் பாகம் எதனோடு சேர்ந்து என்ன வேலை செய்கிறது என்று நானும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. இன்றைக்குத்தான் ஒன்று ஏன் சேரவில்லை, எப்படிச் சேர்ந்தது என்று முழுக்கப் பார்த்தேன். நாளைக்கு மேற்பார்வையாளரைக் கேட்கப் போகிறேன்.”

எனக்கு அந்தச் சொல் நெடுநேரம் மனத்தில் நின்றது. உலகம் பயன்படுத்தும் கருவிகளைச் செய்து கொடுப்பவன் அவன். தன் கையில் தினமும் வந்து போகும் பொருளைப் பற்றிக் கேள்வி கேட்கும் துணிவு, ஓய்வு நாளில் ஒரு விளையாட்டால் அவனுக்கு வந்தது.

அதே வட்டாரத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நோக்கியா நிறுவனம் 2006ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலை தொடங்கியது. 2014ஆம் ஆண்டு அது மூடப்பட்டது. பல ஆயிரம் பேர் வேலை இழந்தனர். சில ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நிறுவனம் அந்த இடத்தை வாங்கி மறுபடியும் இயக்கியது. நிறுவனங்கள் வரும், போகும். மென்பொருளுக்கும் இதே விதி. 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘வாம்பயர்: பிளட்லைன்ஸ்’ என்ற விளையாட்டை உருவாக்கிய டிராய்க்கா நிறுவனம் மறு ஆண்டே மூடப்பட்டது. குறைகளோடு நின்ற அந்த விளையாட்டுக்கு வெர்னர் ஷ்பால் என்ற ஜெர்மானிய வேதியியலார் பல ஆண்டுகளாக ஒட்டுப் போட்டு வந்தார். செய்தவர் கைவிட்ட பொருள், அறிந்தவர் கையால் வாழ்கிறது.

நீங்களும் ஒட்டுப் போட முயலலாம். அதற்குச் சில நெறிகள் உண்டு. விளையாட்டை முறையாக வாங்குங்கள். ஒட்டை, செய்தவரே வெளியிட்ட இடத்திலிருந்து எடுங்கள். அதனோடு வரும் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். தொடங்குமுன் விளையாட்டின் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். ஐந்தை ஒருங்கே மாற்றியவனுக்கு எது பிழை என்றும் தெரியாது. எது மருந்து என்றும் தெரியாது. செய்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் உங்களுக்கே அது தேவைப்படும்.

விளையாட்டுக் கருவி எல்லோரிடமும் இராது. அது வேண்டுவதும் இல்லை. உங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு பழைய அரசு மடிக்கணினி கிடக்கலாம். அதைத் துடைத்து எடுங்கள். தொடங்கும்போது அது கேட்கும் கேள்விக்கு இந்த முறை மற்ற விடையைச் சொல்லிப் பாருங்கள். ஏதேனும் ஒன்று ஓடாது. அப்போது வருந்த வேண்டாம். நிலைமொழி எங்கே முடிகிறது, வருமொழி எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள்.

மருமகன் மறுநாள் மேற்பார்வையாளரைக் கேட்டானாம். அவர் உணவு இடைவேளையில் ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினாராம். அந்தக் காகிதத்தை மடித்து விளையாட்டுக் கருவியின் உறைக்குள்ளே வைத்திருக்கிறான்.